‘கலைக்கிற டாக்டரம்மா’ எழுதுவது

ஒரே ஒரு புகார் மனு. வக்கீல் ஃபீஸ், சீல் வைத்துக் கிடந்த ஸ்கேன் மெஷினுக்குக் கட்டிய இஎம்ஐ, வராமல் போன வருமானம், அப்போதும் கொடுத்தாக வேண்டிய சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஏழு லட்சம் ரூபாய் போனது. போன தூக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் மகப்பேறு மருத்துவர். தென் மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் பத்துப் படுக்கை வைத்து ஆஸ்பத்திரி நடத்துகிறேன். பிரசவம் பார்க்கிறேன், அரசாங்க அனுமதியோடு கருக்கலைப்பும் செய்கிறேன். அந்த மனு வந்தபோது யாரிடம் கேட்பது, எந்தத் தாளைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஓ.ஜி. என்கிற மகப்பேறு மேற்படிப்பை முடித்துவிட்டுச் சின்ன ஊரில் போர்டு மாட்டப் போகிற டாக்டர்களும், அவர்களோடு வேலை பார்க்கப் போகிற சிஸ்டர்களும் என் மாதிரி இருட்டில் தடவ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலை உனக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் முதல் ஆடிட்டர் வரை கேட்டாயிற்று. கொள்கை, புரட்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதுநிலைப் படிப்பில் என்னைக் கிருமித்தொற்று முற்றி வருகிறவர்களை வைக்கிற செப்டிக் வார்டில் போட்டார்கள், அங்கிருந்து தொடங்கியது. ஒரு ராத்திரி டெம்போவில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். முப்பது வயது இருக்கலாம், மூன்று பிள்ளைகள். வயிறு கல்லாக இறுகியிருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது, வார்டு வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்திருந்தார்கள். வயிற்றைத் திறந்தால் கர்ப்பப்பையில் ஓட்டை, அதைத் தாண்டிக் குடலிலும் ஓட்டை. கர்ப்பப்பையை எடுத்தோம், குடலைத் தைத்தோம், ரத்தம் ஏற்றினோம். பிழைக்கவில்லை. அவருடைய அம்மா வெளியே உட்கார்ந்து சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நாள் தள்ளிப் போனதும் முதலில் ஒரு கிளினிக்குக்குத்தான் போயிருக்கிறார்கள். புருஷன் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருஷன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். எங்கள் மேடம் மறுநாள் ரவுண்ட்ஸில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “குச்சி வச்ச கிழவியத் திட்டாதீங்க. அதுக்கு முன்னாடி இவளத் திருப்பி அனுப்பினது யாருன்னு பாருங்க.”

அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. இப்படிச் சாகிறவர்கள் அதிகம் என்றுதான் 1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்த பெண் என்றால் அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஐம்பது வருஷம் தாண்டியும் நம் ஊர்ப்பக்கம் முக்கால்வாசி இடங்களில் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்றுதான் சொல்கிறார்கள். கேட்டால் நம் பாதுகாப்புக்கு என்பார்கள். 2015-ஆம் ஆண்டை வைத்து லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வு, அந்த ஒரே வருஷத்தில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. அதில் ஆஸ்பத்திரி, கிளினிக்கில் நடந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வெளியே, பெரும்பாலும் மாத்திரையால். திருப்பி அனுப்பினால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொள்வார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் செப்டிக் வார்டில் நிற்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால் இது மகப்பேற்றிலேயே எளிமையானது. பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் எம்.வி.ஏ., அதாவது கையாலேயே உறிஞ்சி எடுக்கிற முறையில் செய்வேன். அறுபது மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சு, நுனியில் வளைகிற மெல்லிய குழாய், கரண்ட்டே வேண்டாம். கர்ப்பப்பை வாயில் மரப்பு ஊசி போட்டுக் குழாயை உள்ளே விட்டு வால்வைத் திறந்தால் வெற்றிடம் தானே இழுக்கும். உள்ளே காலியாகிவிட்டது என்பது கைக்குத் தெரியும். சொரசொரவென்று ஒரு உராய்வு, குழாயில் சிவப்பு நுரை, கர்ப்பப்பை சுருங்கிக் குழாயை இறுகப் பிடிக்கும். பத்து நிமிஷம் ஆகாது. அதற்கப்புறம் செய்கிற வேலைதான் முக்கியம், அதைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். எடுத்ததை வடிகட்டியில் அலசி, கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, அடியில் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். கருவின் இழைகள் இலவம்பஞ்சு மாதிரி விரிந்து மிதக்கும். அது தென்படவில்லை என்றால் கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் இருக்கிறதோ என்று அன்றைக்கே தேட வேண்டும். சுரண்டி எடுக்கிற டி அண்ட் சி-யை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிறது. நம் ஊரில் இன்னும் கேட்டு வருகிறார்கள், செய்தும் கொடுக்கிறார்கள்.

சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லாரும் சுவரைப் பார்த்து அழுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அழுகிறவர்கள் உண்டு. ஆனால் டேபிளை விட்டு இறங்கியதும் பெரும்பாலானவர்கள் கேட்பது, “மணி என்ன டாக்டரம்மா? பசங்க ஸ்கூல் விட்டு வந்துருமே.” வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அம்மாக்கள். இது வெளியில் யாருக்கும் தெரியாது.

சொந்த இடம் ஆரம்பித்ததும் முதல் வேலையாக மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், ஊர்ப் பேச்சில் ஜே.டி. ஆபீஸ், அனுமதி கேட்கிற விண்ணப்பமான ஃபார்ம் ஏ கொடுத்தேன். தகுதியுள்ள மகப்பேறு மருத்துவர் என்பதால் அனுமதி தானாக வந்துவிடாது. ஆளுக்கும் தகுதி வேண்டும், இடத்துக்கும் தனியாகச் சான்று வேண்டும். விண்ணப்பம் வந்த இரண்டு மாதத்துக்குள் ஆய்வு, அதற்கடுத்த இரண்டு மாதத்துக்குள் சான்றிதழ் என்று விதியில் இருக்கிறது. என் கோப்பு அதைவிட நீண்ட உறக்கம் போட்டது. ஒவ்வொரு தடவை போனபோதும் புதிதாக ஒரு தாள் கேட்டார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன்: எந்தத் தாளைக் கொடுத்தாலும் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் அந்த அறையை விட்டு நகராதீர்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தச் சீல் குத்திய நகல்கள்தான். சான்றிதழ், அதாவது ஃபார்ம் பி, வந்ததும் அதை ஃபிரேம் போட்டு எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுங்கள். அது விதி. டாக்டர் அறைக்குள் காலண்டருக்குப் பின்னால் மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் மாட்டிய கொஞ்ச நாளில் ஊரில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. கலைக்கிற டாக்டரம்மா. நான் பார்த்த பிரசவங்கள் ஆயிரத்துக்கு மேல், அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற சீனியர் ஒருவர் கல்யாண வீட்டில் என்னைத் தனியாக அழைத்து, “எதுக்கும்மா உனக்கு இது? டெலிவரி பாரு, ஸ்கேன் பாரு, போதாதா?” என்றார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் சொன்னார். அவரே பிறகு துண்டுச் சீட்டில் என் பெயரை எழுதி ஆட்களை அனுப்பினார். சீட்டில் அவர் பெயர் இருக்காது, லெட்டர்பேடும் இருக்காது. இப்படித்தான் ஒரு தாலுகா முழுக்கச் செய்ய வேண்டிய வேலை ஓரிருவர் தலையில் விழுகிறது. பணத்துக்காகச் செய்கிறார்கள் என்பார்கள். ஒரு சிசேரியனில் வருவது இதில் வராது. பணம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கழுத்தில் தாலி இல்லை என்று தெரிந்தால் மூன்று மடங்கு கேட்கிற இடங்கள் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. 2021 திருத்தத்தில் ‘மணமான பெண், அவர் கணவர்’ என்று இருந்ததை ‘பெண், அவர் துணைவர்’ என்று மாற்றிவிட்டார்கள். மணமாகாத பெண்ணுக்கும் இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். அந்த மூன்று மடங்கு எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

மாத்திரை விஷயம் இன்னொரு தலைவலி. ஒன்பது வாரம் வரை மாத்திரையே போதும்: முதலில் மைஃபிப்ரிஸ்டோன், ஒன்றரை இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். ஆனால் எங்கள் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் இந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்த கிட் கிடைக்காது. மருந்து ஆய்வாளர் வந்து பில்லுக்குப் பில் கேட்பார் என்று கடைக்காரர்கள் வைப்பதே இல்லை. சீட்டு இல்லாமல் விற்கிற கடைக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. நான் மொத்த விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கி, பேட்ச் எண், யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று தனி நோட்டில் எழுதுகிறேன். ஆயா கேலி செய்வாள், ரேஷன் கடை மாதிரி எழுதுறீங்களே என்று. எழுதுங்கள்.

இனி அந்த மனு. 2023-இல் ஒரு பெண் வந்தார், கூட அவருடைய அக்கா. இருபத்தெட்டு வயது, இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன், சின்னதுக்கு எட்டு மாதம். எட்டு வாரக் கர்ப்பம். கணவர் வடக்கே லோடு ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஓரிரு நாள்தான் வீடு. “தாங்காது டாக்டரம்மா, தையல் இன்னும் இழுக்குது” என்றார். ஃபார்ம் சி-யில் சம்மதம் வாங்கினேன், ஃபார்ம் 1 என்ற படிவத்தில் என் கருத்தை எழுதினேன், எம்.வி.ஏ. செய்து அதே டேபிளில் காப்பர் டி போட்டு அனுப்பினேன். மறுபடி வந்து காட்டிவிட்டும் போனார், நலமாக இருந்தார். அதற்கப்புறம் கணவர் ஊருக்கு வந்தார். எப்படித் தெரிந்தது என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஒரு சாயங்காலம் ஏழெட்டுப் பேரோடு வந்து ரிசப்ஷன் கண்ணாடியை உடைத்தார். “என் புள்ளயக் கொல்ல நீ யாருடி?” என்று கத்தியது காத்திருந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் கேட்டது. என் சிஸ்டர் ஒருத்தி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை நடுங்கியது. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் கர்ப்பிணி மனைவி இறந்த ஆத்திரத்தில் கணவர் ஒருவர் பெண் மருத்துவரை அவருடைய ஆஸ்பத்திரியிலேயே வெட்டிக் கொன்றது எங்கள் தொழிலில் யாருக்கும் மறக்காது. அமெரிக்காவில் ஜார்ஜ் டில்லர் என்ற டாக்டரை இதே வேலைக்காக 1993-இல் இரண்டு கையிலும் சுட்டார்கள். மறுநாளே வேலைக்குப் போனார் மனிதர். 2009-இல் சர்ச்சில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே கொள்கைக்காரர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். இங்கே கொள்கை எல்லாம் யாருக்கும் இல்லை, புருஷனின் கௌரவம்தான் கல்லை எடுத்துக்கொண்டு வருகிறது.

உடைத்தவர்கள் போனதும் நான் நூறுக்கு அழைத்தேன், உடைந்ததைப் படம் எடுத்தேன். தமிழ்நாட்டில் மருத்துவமனையையும் ஊழியர்களையும் தாக்குவதற்கு எதிராக 2008-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வர முடியாத பிரிவு. அதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், அன்று ராத்திரியே. நான் கொடுத்தது பின்னால் பெரிய பலமாக இருந்தது. ஏனென்றால் மறுநாள் அந்தக் கணவருடைய மனு போய்விட்டது. தன் அனுமதி இல்லாமல், ஸ்கேனில் பெண் குழந்தை என்று பார்த்துச் சொல்லி, பணத்துக்காகக் கலைத்துவிட்டார் என்று. எட்டு வாரத்தில் எந்த ஸ்கேனிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது, மெஷின் தொட்ட எவரும் சொல்வார்கள். யாரோ விவரம் தெரிந்தவர்தான் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பாலினம் பார்த்தல் என்ற சொல் மனுவில் இருந்தால் அது போலீஸோடு நிற்காது, ஜே.டி. ஆபீஸ் குழுவும் வரும்.

வந்தார்கள். விசாரணை முடியும்வரை என்று மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் எழுத வேண்டிய ஃபார்ம் எஃப் எல்லாம் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் போயிருந்தன, ரசீதும் இருந்தது. இருந்தும் மெஷின் திரும்ப வரப் பல மாதம் ஆயிற்று. கர்ப்பிணிகளை வேறு இடத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினேன், அவர்களில் பலர் பிரசவத்துக்கும் அங்கேயே போய்விட்டார்கள். மெஷினுக்கான தவணையை எடுப்பதில் வங்கி மட்டும் தேதி தவறவில்லை.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, “சும்மா ஒரு என்கொயரி மேடம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று. என் வீட்டுக்காரர் அப்போது துபாயில். தனியாகப் போய் ராத்திரி பத்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாட்சியாக விசாரிக்கப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய புதிய சட்டத்திலும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷத்தில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. அங்கே கேஸ் ஷீட்டைக் கொடு என்றார்கள். அதில் மட்டும் நான் மசியவில்லை. 2021 திருத்தத்தில் 5ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடம் டாக்டர் வெளியிட்டாலும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை. எழுத்தில் கேளுங்கள், எந்தச் சட்டத்தில் எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள், நானும் எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். ரொம்பப் பேசுறீங்களே மேடம் என்றார் ஆய்வாளர். குரல் நடுங்கத்தான் பேசினேன். ஆனாலும் அந்தப் பதிவேடு ரகசியப் பதிவேடு, சம்மதப் படிவம் ‘ரகசியம்’ என்று எழுதி ஒட்டிய உறையில் இருக்க வேண்டியது. வாய்ப்பேச்சுக்கு எடுத்து நீட்டினால் நாளைக்கு மாட்டுவது நாம்தான்.

அடுத்து வந்தது கட்டப்பஞ்சாயத்து. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், பையன் பாவம், மூணு லட்சம் கொடுத்தா மனுவ வாபஸ் வாங்கிருவான் என்றார். நான் முதலில் பார்த்த வக்கீலும் அதையே சொன்னார். கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்லவில்லை. உள்ளூர்ப் பதிப்பில் ‘பெண் டாக்டர் மீது புகார்’ என்று செய்தி வந்துவிட்டிருந்தது. என் பையன் பள்ளியிலிருந்து வந்து, “அம்மா, நீ போலீஸ் ஸ்டேஷன் போனியா?” என்று கேட்டான். டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியை ஒருவர் போட்டார், யாரும் எதுவும் எழுதவில்லை. நான் சேர்ந்து சாப்பிட்டவர்கள், கான்ஃபரன்ஸுக்கு ஒரே காரில் போனவர்கள். அந்த மௌனம் கண்ணாடி உடைந்ததைவிட வலித்தது.

அப்புறம் ஒரு மூத்த பெண் வக்கீல் கிடைத்தார், குடும்ப வழக்குகள் நடத்துகிறவர். அவர் கேட்ட முதல் கேள்வி: “எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா, சி.எஸ்.ஆர். மட்டுமா?” சி.எஸ்.ஆர். மட்டும்தான், அதாவது புகார் வந்தது என்கிற ரசீது, வழக்குப் பதிவு இல்லை. “அப்போ ஏன் பதறுறீங்க? பணம் கொடுத்தா தப்பு செஞ்சேன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.” அவர் எடுத்து வைத்தவை இரண்டு தீர்ப்புகள். ஒன்று, ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: டாக்டர் மீது கவனக்குறைவுக் குற்றச்சாட்டில் நடவடிக்கை எடுக்கும் முன் போலீஸ், சார்பில்லாத மருத்துவக் கருத்து வாங்க வேண்டும். இரண்டாவது இன்னும் பொருத்தம். தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருவைக் கலைத்தார் என்று ஒரு கணவர் மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் நஷ்ட ஈடு வழக்கு போட்டார். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் அதை ஏற்கவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. இந்த இரண்டையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தொழில்முறை இன்சூரன்ஸ் எனக்கு இருந்தது, ஆனால் குற்றப் புகாருக்கான வக்கீல் செலவு அதில் வராது என்று சொல்லிவிட்டார்கள். பாலிசி போடும்போதே அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லாவற்றையும் முடித்து வைத்தது அந்தப் பெண். பெண் காவலர் ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார். புருஷனும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போதே, “நான்தான் போனேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன், எந்தக் குழந்தைன்னு எனக்கே தெரியாது” என்று சொல்லியிருக்கிறார். அதற்காக அன்றைக்கு ராத்திரி என்ன பட்டாரோ. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக அக்கா சொல்லி அனுப்பினார். ஜே.டி. ஆபீஸ் அறிக்கையில் படிவங்கள் சரியாக உள்ளன என்று வந்தது. மனு முடிந்தது. முடிந்தது என்று ஒரு தாள் வாங்கவே தனியாக அலைய வேண்டியிருந்தது, அதையும் விடாமல் வாங்குங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் விஷயம். டாக்டர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில், போலீஸுக்குத் தகவல் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. சொன்னால், காதலித்த பையனை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பெண் வீட்டாரே கலைக்க நாட்டு வழிக்கு ஓடுவார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் அமர்வு சொன்ன தீர்ப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் தர வேண்டியதில்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. நடைமுறையில் ஸ்டேஷனில் பெயர் இல்லாத கடிதத்தை வாங்கமாட்டேன் என்பார்கள். தீர்ப்பின் அந்தப் பக்கத்தை மஞ்சள் கோடு போட்டு இணையுங்கள், கையில் வாங்கவில்லை என்றால் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கே அனுப்புங்கள். கருக்கலைப்புக்குக் காப்பாளர் கையெழுத்து கட்டாயம். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் எடுத்த திசுவை டி.என்.ஏ. சோதனைக்கு வைக்க வேண்டும், ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், சலைனில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுப்போகும்.

மனு முடிகிற வரை நான் கருக்கலைப்பு செய்யவில்லை. செய்ய மனமும் இல்லை, வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். வந்தவர்களையெல்லாம் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அங்கே ஒரு நாளில் வேலை முடியாது, கூலி போகும். அப்படி நான் எழுதிக் கொடுத்த ஒருவர் போகவே இல்லை. நாள் ஓடியிருக்கிறது, பதினான்கு வாரம் தாண்டியதும் யாரோ வாங்கிக் கொடுத்த கிட்டைப் போட்டிருக்கிறார். ரத்தப்போக்கோடு என் வாசலுக்கே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. பாதி வெளியேறி பாதி உள்ளே தங்கியிருந்தது. டிரிப் ஏற்றி, ரத்தப்போக்கை நிறுத்தும் அளவுக்கு எடுத்து, 108-ஐ வரவழைத்து, ரத்தம் ஏற்ற அனுப்பினேன். பிழைத்துவிட்டார். அன்றைக்கு என்னோடு நின்றது சிஸ்டர் இல்லை, எங்கள் ஆயா. சிஸ்டர்களில் ஒருத்தி ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆயாவிடம், உனக்குப் பயமில்லையா, நீயும் போயிருக்கலாமே என்று கேட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டே, “எங்கம்மா எதுல செத்துச்சுன்னு நெனச்சீங்க?” என்றார். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறார், அதுவரை சொன்னதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடி செய்கிறேன். சில ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டேன். ரிசப்ஷனிலும் வாசலிலும் மட்டும் கேமரா, உள்ளே எங்கும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எந்தப் பெண்ணிடமும் திணிப்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, அதில் என்ன எழுதலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். போன் செய்யலாமா, எந்த நேரத்தில், எந்த எண்ணுக்கு என்பதையும் முன்பே கேட்டுக்கொள்கிறேன். மாதாமாதம் அனுப்புகிற ஃபார்ம் 2 அறிக்கையில் எண்ணிக்கை மட்டும்தான் போகும், பெயர் போகாது என்பதை வருகிறவர்களிடம் நானே சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தையில் பலருக்கு மூச்சு திரும்புவதைப் பார்க்கிறேன். பக்கத்து இரண்டு மாவட்டங்களில் இதே வேலை செய்கிற நாலைந்து டாக்டர்கள் இப்போது ஒருவரை ஒருவர் அறிவோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த வக்கீலம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுகிறோம், ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார். போன மாதம் எங்களில் ஒருத்தியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை. வக்கீலம்மா பேசினார், அவர்கள்தான் மறுநாள் காலையில் கிளினிக்குக்கு வந்து, எழுத்தில் கேள்வி கொடுத்து, பதில் வாங்கிக்கொண்டு போனார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்படி யாரும் இல்லை என்றால், போர்டு மாட்டுகிற வாரத்திலேயே ஒரு வக்கீலையும் இதே வேலை செய்கிற இன்னொரு டாக்டரையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.